கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என் மனைவியே நம்ப முடியாத அளவுக்கு என்னைப் புகழ்ந்துவிட்ட செயலாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, எந்த நேரமும் நழுவ வசதியாகக் கதவோரம் இடம்பிடித்திருக்கும் இளம் ஆசிரியர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தில் துணைத்தலைவர் ஐயாவை விட்டுவிட்டேன். இன்று மேடை ஏறும்போது கையைப் பிடித்து, "துணைத்தலைவர் என்று ஒருவர் இருக்கிறார்" என்றார். இருக்கிறார். எனக்கு இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். மைக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும் ஒன்று. அழைப்பிதழில் பெயர் இல்லாவிட்டாலும் அவர் நினைத்தால்தான் என் குரல் உங்களிடம் வரும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வகுப்பறையில் கரும்பலகையின் இடம்'. கொடுத்த நேரம் இருபது நிமிடம். அதில் இரண்டு நிமிடம் வணக்கத்துக்கே போய்விட்டது. மூன்று விஷயம் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, பலகை எங்கிருந்து வந்தது. இரண்டு, சாக்பீஸின் குணம். மூன்று, திரையும் பலகையும் ஒரே வகுப்பறையில் எப்படிக் குடித்தனம் நடத்துவது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் என்ன பழமொழி சொல்லப்போகிறேன் என்பதும் தெரியும். அங்கே இரண்டு பேர் இப்போதே சிரிக்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். சொல்லிவிட்டேன். மறுபடியும் வரும்.

கரும்பலகை என்றதும் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய பலகையும், அதற்கு முன்னால் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆசிரியரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் பலகை முதலில் இருந்தது பிள்ளையின் மடியில். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, அங்கே பள்ளிப் பிள்ளைகள் கறுப்புப் பலகையில் வெள்ளைப் பொருளால் எழுதுகிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். அதோடு விடவில்லை மனிதர். பலகையை நீளவாக்கில் வைத்து, இடமிருந்து வலமாக எழுதுகிறார்கள் என்றும் சேர்த்திருக்கிறார். வலமிருந்து இடமாக எழுதிப் பழகியவர் கண்ணில் அது படாமல் இருக்குமா!

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அசந்துபோனார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, 1797ல் லண்டனில் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் போட்டார். மணலும் ஒரு பலகைதான். தவறு செய்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி எழுதலாம். சிலேட்டும் அதே ஜாதி.

அந்தப் பலகை எப்போது சுவர் ஏறியது? 1810ல் எடின்பரோ உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த ஜேம்ஸ் பில்லன்ஸ் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். புவியியல் பாடத்துக்குப் பெரிய பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்து காட்டியவர் அவர். இல்லை, அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1801லேயே ஜார்ஜ் பேரன் பலகையில் கணக்குப் போட்டார் என்பவர்களும் உண்டு. யார் முதல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வெஸ்ட் பாயின்டில் அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேண்டும். 1817ல் அங்கே பொறுப்புக்கு வந்த சில்வேனஸ் தேயர் காலத்தில், மாணவர்கள் தாங்களே எழுந்துபோய்ப் பலகையில் கணக்கைப் போட்டு விளக்குவது அன்றாட வழக்கமானது. அங்கே சாக்பீஸ் இருந்தது மாணவன் கையில்.

அதே அமெரிக்காவின் யேல் கல்லூரியில் இது கலகத்திலேயே முடிந்தது. கூம்பை வெட்டினால் கிடைக்கும் வளைவுகளைப் பற்றிய கூம்பு வெட்டுப் பாடத்தில் அதுவரை புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தே பதில் சொல்லலாம் என்று இருந்தது. இனி நினைவிலிருந்து பலகையில் நீங்களே வரைய வேண்டும் என்றார்கள். மாட்டோம் என்றார்கள் மாணவர்கள். 1830ல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கல்லூரி வெளியே அனுப்பிவிட்டது. தண்டனை கொஞ்சம் அதிகம்தான். அந்தப் பயமும் எனக்குப் புரிகிறது. புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், பலகைக்கு முன்னால் எங்கே ஒளிவது?

சரி, சாக்பீஸ். சுண்ணக்கட்டி என்று பாடப்புத்தகத்தில் எழுதுவோம், ஆனால் "சாக்பீஸ் எடுத்துவா" என்றுதான் சொல்வோம். இயற்கையில் கிடைக்கும் சாக் என்பது கடலில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான பாறை. நாம் எழுதுவதில் பெரும்பகுதி ஜிப்சம். அது கீச்சிடுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாக்பீஸ் பலகையில் ஒட்டுகிறது, சறுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இது மிக வேகமாக நடக்கும்போது அந்த அதிர்வு நம் பல்லைக் கூசவைக்கிறது. பாதியாக உடைத்து, சாய்த்துப் பிடித்தால் அடங்கிவிடும். ஜப்பானில் ஹாகொரோமோ என்றொரு சாக்பீஸ். 2015ல் அந்த நிறுவனம் மூடப்படுகிறது என்று தெரிந்ததும் கணித மேதைகள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். பிறகு ஒரு கொரிய நிறுவனம் அந்த இயந்திரங்களை வாங்கி இன்றும் தயாரிக்கிறது. தூசி தொண்டைக்கு ஆகாது என்று செயலாளர் அம்மா சொன்னார்கள். மறுக்கவில்லை, முப்பத்தாறு வருடம் இருமியவன் நான். ஈரத்துணியால் துடையுங்கள், மேலிருந்து கீழாக. சாக்பீஸுக்கு இது போதும்.

இப்போது ஒரு கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சின்னக் கதைதான் ஐயா.

வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பு. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று பள்ளியே இரண்டு நாளாகக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பலகைக்குப் புதுக் கறுப்பு பூசியிருந்தார்கள். மூலையில் தேதி, பாடம், வருகை எண்ணிக்கை எல்லாம் முத்து முத்தாக எழுதிவிட்டேன். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். ஆய்வு நாளில் புதுக் கணக்கு போடும் ஆசிரியர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. நல்லது.

அதிகாரி கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேனா ஓடும்போதெல்லாம் என் கை நடுங்கியது. கணக்கு இதுதான்: 7 − 2(எக்ஸ் − 5) = 3. பலகையின் உச்சியில் எழுதினேன். அடைப்பை நீக்கி அடுத்த வரி: 7 − 2எக்ஸ் − 10 = 3. கணக்கு ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. மளமளவென்று இறங்கி, எக்ஸ் = −3 என்று முடித்து, கீழே இரட்டைக் கோடும் இழுத்துவிட்டேன். இரட்டைக் கோடு போட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண். வகுப்பிலேயே குள்ளம். அந்த வருடம் முழுக்க "உள்ளேன் ஐயா" தவிர அவள் வாயிலிருந்து வேறு எதையும் நான் கேட்டதில்லை. அவள் எழுந்தாள்.

"ஐயா, பத்துக்கு முன்னாடி பிளஸ் வரணும் ஐயா."

"எந்தப் பத்து?"

"மேல... ரெண்டாவது வரில."

வகுப்பே மேலே பார்த்தது. அதிகாரியும் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து அங்கேதான் இருந்தது, மைனஸோடு.

"உங்களைச் சோதிக்கத்தான் அப்படிப் போட்டேன்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நம்மில் அந்தப் பொய்யைச் சொல்லாதவர் யார்? ஏனோ அன்றைக்கு, "நீயே வந்து திருத்து" என்று சாக்பீஸை நீட்டிவிட்டேன்.

வந்தாள். கையைத் தூக்கினாள். எட்டவில்லை. எம்பினாள். மறுபடி எம்பினாள், பத்துக்கு ஒரு சாண் கீழே சாக்பீஸ் வால் நட்சத்திரம் மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒரு கால் ஆடுகிற நாற்காலி. பள்ளிக்கூடத்து நாற்காலி எதுதான் ஆடாது! ஏறப் பயந்து நின்றாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் வந்து, நாற்காலி முதுகை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏறும்மா, நான் பிடிச்சிருக்கேன்" என்றார். அதிகாரி!

அவள் அந்த மைனஸை அழிக்கவே இல்லை. அதன் நடுவில் நிமிர்ந்த ஒரு கோடு போட்டாள். பிளஸ் ஆகிவிட்டது. அப்புறம் இறங்கி, என் இரட்டைக் கோடு உட்பட மிச்சத்தையெல்லாம் உள்ளங்கையால் துடைத்தாள். 17 − 2எக்ஸ் = 3. எக்ஸ் = 7. முடித்துவிட்டுப் போகவில்லை. ஏழில் ஐந்து போக இரண்டு, இரண்டு மடங்கு நான்கு, ஏழில் நான்கு போக மூன்று என்று ஓரத்தில் சரிபார்த்தும் காட்டினாள். அதை நான் செய்திருந்தால் உங்களுக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். குறிப்பேட்டில் அதிகாரி எழுதிவிட்டுப் போனது ஒரே வரி. 'பலகை மிக உயரத்தில் உள்ளது. இறக்கி மாட்டவும்.' என் மைனஸைப் பற்றி மூச்சு இல்லை.

பலகை இறங்கியதா? சிமென்டில் பதித்த பலகையை எப்படி இறக்குவது என்று ஒரு வருடம் கடிதம் போனது, வந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே கறுப்புப் பெயின்ட் வாங்கி, பலகைக்குக் கீழே தரைக்கு இரண்டடி விட்டு, வெறும் சுவரில் நீளமாகப் பூசிவிட்டேன். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்து முழுக்கத் தேய்த்துத் துடைத்தேன். புதுப் பலகைக்கு அதைச் செய்யாவிட்டால் முதலில் எழுதியது பேய் மாதிரி தங்கிவிடும். திங்கட்கிழமை, பள்ளிச் சுவரைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று பதில் எழுதினேன். அதற்கு இன்னொரு மெமோ வந்தது.

அந்தக் கறுப்புச் சுவரில் ஒரே நேரத்தில் ஏழு பிள்ளைகள் நின்று கணக்குப் போடுவார்கள். யார் எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்பது அறைக் கோடியிலிருந்தே தெரியும். ஒருத்தி சாக்பீஸைத் தூக்கிவிட்டு யோசிப்பாள், பக்கத்துப் பையன் அவளுடையதை ஓரக்கண்ணால் பார்ப்பான், பார்த்துவிட்டுத் தன்னுடையதை அழிப்பான். காப்பி அடிக்கிறான் என்று முதலில் அதட்டினேன். பிறகு கவனித்தால், அவளுடையதில் தவறு கண்டுபிடித்துச் சொல்கிறவனும் அவன்தான். நோட்டுப் புத்தகத்தை முப்பது வருடம் திருத்தியும் இதை நான் பார்த்ததில்லை. இடைவேளையில் அதே சுவரில் பூனை, விமானம், என் மூக்கு எல்லாம் வரும். என் மூக்கு நன்றாகவே வந்தது.

ஆகவே நம் சங்கத்தின் கோரிக்கை. ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை. பலகை வாங்கக் காசு இல்லையா, கறுப்புப் பூச ஒரு சுவர். ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடம் ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைக்க வேண்டும். இதில் இரண்டாவதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

தலைவரிடமிருந்து சீட்டு வந்திருக்கிறது. 'இரண்டு நிமிடம்'. மூன்றாவது விஷயம் மிச்சம் இருக்கிறதே ஐயா? ஸ்மார்ட் போர்டுக்கு நான் எதிரி இல்லை; இதயம் துடிப்பதைப் பலகையில் காட்ட முடியாது, அதில் முடியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2015ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் எமர்சன் பள்ளியில் புதிய பலகைகள் மாட்டுவதற்காகப் பழையவற்றைக் கழற்றினார்கள். பின்னால் இன்னொரு கரும்பலகை. அதில் 1917ஆம் ஆண்டுப் பாடம் அழியாமல் இருந்தது. வண்ணச் சாக்பீஸ் படங்கள், கணக்குகள், வட்டமாகப் போட்ட ஒரு பெருக்கல் வாய்ப்பாடு. அந்த வட்டத்தை எப்படிப் படிப்பது என்று இன்றைய ஆசிரியர்களுக்கே விளங்கவில்லையாம். பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதியதை மாட்டியிருந்ததால்தான் அது பிழைத்தது. திரை மாட்டும்போது அந்தப் புண்ணியத்தையாவது செய்யுங்கள், அல்லது பக்கத்துச் சுவரில்...

இரண்டாவது சீட்டு. இதில் ஒன்றும் எழுதவில்லை, வெறும் ஆச்சரியக்குறி. சரி ஐயா.

கோரிக்கைக்கான கையெழுத்துத் தாளை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது, எடுத்துப் போய்விடாதீர்கள். துணைத்தலைவர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கொஞ்சம் குனிந்துதான் போட வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தோள் உயரத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.