முடிவு தெரிந்த ஆட்டத்தில் முதலாளிக்கு என்ன வேலை? ஜயன்ட் பாபா பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கொஞ்சம் நீளமான கேள்வி, முழுவதையும் வாசித்துவிடுகிறேன். "ஜப்பான் மல்யுத்தம் பற்றிப் பேசும்போது, ஜயன்ட் பாபா வீரராகச் சாதித்ததைவிட முதலாளியாகச் சாதித்ததுதான் அதிகம் என்றீர்கள். யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஆட்டத்தில் முதலாளிக்கு அப்படி என்ன திறமை வேண்டியிருக்கிறது? முகமது அலியோடு மோதிய இனோகிதானே ஜப்பானின் பெரிய ஆள்?"

இதில் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. இனோகி பற்றியதை முதலில் முடித்துவிடுகிறேன். அன்டோனியோ இனோகி பெரிய ஆள்தான். 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவின் புடோகான் அரங்கில் அலியோடு 15 ரவுண்டு நின்று டிரா செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் கராச்சிக்குப் போய் அக்ரம் பயில்வானின் கையை முறித்துவிட்டு வந்தார். பிறகு ஜப்பான் நாடாளுமன்றத்துக்கே போனார். அவரும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர்தான். அவர் பெருமையில் எதையும் நான் குறைக்கவில்லை.

இப்போது முக்கியமான சந்தேகம். ஆமாம், இந்த ஆட்டத்தில் முடிவு பேசி வைத்ததுதான். அதனால்தான் முதலாளி இவ்வளவு முக்கியமாகிறார் என்கிறேன். கிரிக்கெட்டில் ஒருவர் அவுட்டானால் பந்துதான் காரணம். இங்கே ஒரு வீரர் தோற்றுப் படுக்கிறார் என்றால், இன்று நீ தோற்றுக்கொள், உனக்கும் நேரம் வரும் என்று முதலாளி சொன்னதை நம்பிப் படுக்கிறார். டெக்சாஸிலிருந்து விமானம் ஏறி வருபவர், பேசிய பணம் கைக்கு வரும் என்று நம்பி வருகிறார். டிக்கெட் வாங்குபவர், காட்டுவதாகச் சொன்ன ஆட்டத்தை ஒழுங்காக முடித்துக் காட்டுவார்கள் என்று நம்பி வாங்குகிறார். இந்த மூன்று பேரும் நம்பியிருப்பது ஒரே ஒரு ஆளின் வாக்கை. 26 வருடத்துக்கு மேல் அந்த வாக்கைக் காப்பாற்றியவர் பாபா. நான் சொன்னது இதைத்தான்.

அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பெயர் ஷோஹே பாபா. பாபா என்பது குடும்பப் பெயர். எழுத்துக்கு எழுத்து பொருள் சொன்னால் குதிரைத் திடல் என்று வரும், சாமியார்களை அழைக்கும் பாபாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1938 ஜனவரி 23, நீகாட்டா மாநிலத்தில் சான்ஜோ என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் காய்கறிக் கடை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே திடீரென்று வளர ஆரம்பித்துவிட்டார். பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு அது. கடைசியில் 209 சென்டிமீட்டர் வரை போனது.

உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆட ஆசை. ஆனால் அந்தக் காலுக்கு ஆணி வைத்த ஷூ எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதனால் பையன் ஓவியக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டான். அடுத்த வருடம் அவனுக்கென்று தனியாக அளவெடுத்து ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார்கள், அதைப் போட்டுக்கொண்டுதான் பந்து வீச இறங்கினான். இந்தச் சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஓவியமும் அவரை விடவில்லை, வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டிருந்தார்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1955ல் யோமியூரி ஜயன்ட்ஸ் அணியில் பந்துவீச்சாளராகச் சேர்ந்தார். ஜப்பானில் அதைவிடப் பெரிய அணி கிடையாது. நடுவில் மூளைப்பகுதியில் அறுவை சிகிச்சை வேறு. முதன்மை அணிக்காக ஆடியது 1957ல் மூன்றே ஆட்டம், ஒரு வெற்றியும் இல்லை. 1959 முடிவில் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1960ல் வேறொரு அணியின் பயிற்சி முகாமுக்குப் போனவர், குளியலறையில் வழுக்கிக் கண்ணாடிக் கதவின் மேல் விழுந்தார். இடது கையில் பலத்த வெட்டு. அதோடு பேஸ்பால் முடிந்தது. வயது 22.

அப்போது ஜப்பானில் மல்யுத்தம் என்றால் ரிகிடோசான்தான். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு கிங்காங் பெயர் நினைவிருக்கும், தாராசிங்கோடு ஊர் ஊராக மோதியவர். 1955ல் அந்த கிங்காங்கை டோக்கியோவில் தோற்கடித்தவர் ரிகிடோசான். அவரிடம்தான் பாபா போய்ச் சேர்ந்தார். அதே நேரத்தில் பிரேசிலில் குடியேறியிருந்த 17 வயது இனோகியையும் ரிகிடோசான் அழைத்து வந்திருந்தார். இருவரும் முதல் முறையாக ரிங்கில் இறங்கியது ஒரே நாள், 1960 செப்டம்பர் 30. பாபா ஜெயித்தார், இனோகி தோற்றார்.

அமெரிக்கப் பயணத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1961ல் போனார். போர் முடிந்து பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது, ஜப்பான்காரன் என்றால் வில்லன் வேடம்தான். ஆனால் அந்த உயரத்தைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. 1964 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் லூ தெஸ், புரூனோ சமார்டினோ, ஃப்ரெட் பிளாசி என்று மூன்று உலக சாம்பியன்களோடு மோதினார். இதற்கிடையே 1963 டிசம்பரில் ரிகிடோசான் கத்திக்குத்துப்பட்டு இறந்துவிட்டார். அமெரிக்காவிலேயே இருந்துவிடு, பெரும் பணம் தருகிறோம் என்று கேட்டும் பாபா ஊருக்குத் திரும்பினார்.

இனி அவர் முதலாளி ஆன கதை. அதற்குக் காரணம் டிவி. பாபாவும் இனோகியும் ஆடியது ரிகிடோசான் தொடங்கிய மல்யுத்தச் சங்கத்தில். அவர் காலத்திலிருந்தே அந்தச் சங்கத்தின் ஆட்டங்களைக் காட்டியது நிப்பான் டிவி. பின்னர் இன்னொரு சேனலும் உள்ளே வந்தது. பாபாவின் ஆட்டம் நிப்பான் டிவியில் மட்டும்தான் வர வேண்டும் என்பது பேச்சு. 1971 டிசம்பரில் இனோகியை வெளியேற்றிய பிறகு, அந்த இன்னொரு சேனலுக்குக் காட்ட நட்சத்திரம் இல்லை. 1972ல் சங்கத்துக்காரர்கள் பேச்சை மீறி பாபாவை அதில் காட்டினார்கள். நிப்பான் டிவி ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. பாபா சங்கத்தை விட்டு விலகி, அதே நிப்பான் டிவியின் துணையோடு அக்டோபரில் ஆல் ஜப்பான் நிறுவனத்தைத் தொடங்கினார். இனோகி அதற்குச் சில மாதம் முன்பே நியூ ஜப்பானைத் தொடங்கியிருந்தார். கவனித்துப் பாருங்கள், மேலே இருந்தவர்கள் கொடுத்த வாக்கை மீறியதால்தான் அந்தப் பழைய சங்கம் சரிந்தது. அதை உள்ளே இருந்து பார்த்தவர் பாபா.

வெளிநாட்டு வீரர்கள் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் இன்றும் பேசப்படுகிறது. கைகுலுக்கினால் போதும், காகிதம் தேவையில்லை, பேசிய பணம் பேசிய நாளில் வரும் என்று அங்கே போய்வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் ஏமாற்றாத முதலாளியைக் காண்பது அரிது. 1981ல் இது வெளிப்படையாகவே தெரிந்தது. நியூ ஜப்பான், பாபாவிடமிருந்து அப்துல்லா தி புட்சரை இழுத்துக்கொண்டது. பதிலுக்கு பாபா, பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங்கை அழைத்துக்கொண்டார். அப்புறம் டிசம்பர் 13 அன்று, ஆல் ஜப்பானின் டேக் லீக், அதாவது இருவர் இருவராக அணி சேர்ந்து மோதும் தொடரின் இறுதிப் போட்டி நடக்கும்போது, நியூ ஜப்பானின் உச்ச நட்சத்திரமான ஸ்டான் ஹேன்சன், கவ்பாய் தொப்பியோடு ஓர் அணியின் மூலையில் வந்து நின்றார். அரங்கமே எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஹேன்சன் ஓய்வு பெறும்வரை ஆல் ஜப்பானை விட்டுப் போகவில்லை.

1974 டிசம்பர் 2, ககோஷிமாவில் ஜாக் பிரிஸ்கோவை வென்று, என்.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க மல்யுத்தக் கூட்டமைப்பின் உலகப் பட்டத்தைப் பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார் பாபா. ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தார். 1979லும் 1980லும் அதேபோல ஒரு வாரத்துக்குள். இது தோல்வி இல்லை, ஏற்பாடு. அமெரிக்கக்காரர்கள் தங்கள் பட்டத்தை நம்பிக் கடன் கொடுத்தார்கள், அவர் சொன்ன நாளில் திருப்பினார்.

மற்ற முதலாளிகளிடம் நான் பார்க்காத ஒன்று அவரிடம் இருந்தது. வீரராக இருந்து முதலாளி ஆனவர்கள் பெரும்பாலும் வயதானாலும் தங்களையே முதல் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். பாபா 1980களின் நடுவில் தானாகவே கீழே இறங்கினார். நிகழ்ச்சியின் கடைசியில் வரும் முக்கிய ஆட்டங்களை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, நடுவில் வரும் ஆறு பேர் ஆட்டத்தில் சிரிக்க வைக்க வந்தார். ரஷர் கிமுரா என்பவர், ஒரு காலத்தில் போட்டி நிறுவனத்தின் தலைமை வீரர், மைக்கைப் பிடித்து இனி உங்களை அண்ணன் என்று கூப்பிடட்டுமா என்று கேட்பார், கூட்டம் சிரிப்பில் அதிரும். 90களில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட சீட்டுக்கட்டில் ராட்சத வீரர் ஆந்த்ரே தி ஜயன்ட் கார்டுக்குச் சண்டை போட்டவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஆந்த்ரேயின் கடைசி ஆட்டம் 1992 டிசம்பரில் டோக்கியோவில் நடந்தது. அவர் அணியில் பாபாவும் கிமுராவும் நின்றார்கள்.

1990 அவருக்குச் சோதனையான வருடம். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நிறுவனம் பெரும் பணத்தோடு மல்யுத்தத்துக்குள் நுழைந்தது. இரண்டாம் இடத்தில் இருந்த டென்ர்யூ போய்விட்டார், அவர் பின்னால் வேறு சிலரும் போனார்கள். இதற்குக் கொஞ்சம் முன்னால், பிப்ரவரியில், டோக்கியோ டோம் நிகழ்ச்சிக்கு அமெரிக்க நட்சத்திரம் ரிக் ஃப்ளேர் வராததால் நியூ ஜப்பான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, தன் முன்னணி வீரர்களை அனுப்பிக் காப்பாற்றியவரும் பாபாதான். இப்போது அவர் வீடே காலியானது.

மே 14 அன்று, டைகர் மாஸ்க் என்ற முகமூடி வேடத்தை இரண்டாவது ஆளாக ஏற்று ஆடிக்கொண்டிருந்த மிட்சுஹாரு மிசாவா, ஆட்டத்தின் நடுவிலேயே முகமூடியைக் கழற்றி எறிந்தார். ஜூன் 8, புடோகானில் அவருக்கும் ஜம்போ சுருதாவுக்கும் ஆட்டம். சுருதா அந்த நிறுவனத்தின் தூண். பாபாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிகழ்ச்சிக்கு முன்னால் டி-ஷர்ட் விற்கும் மேசையில் போய் உட்கார்ந்துகொள்வார், பெரிய சுருட்டு ஒன்று கையில் இருக்கும், வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார். அன்று சுருதா ஜெயிப்பதாகத்தான் இருந்தது என்றும், வெளியே வரிசையில் நின்ற ஜனங்கள் மிசாவா பெயரையே கோஷமிடுவதைக் கேட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் பாபா முடிவை மாற்றினார் என்றும் சொல்வார்கள். மிசாவா ஜெயித்தார். ரிங்கிலேயே அழுதுவிட்டார். இதுதான் கேள்வி கேட்டவர் தேடிய திறமை. கூட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முடிவை மாற்றியபோது சுருதாவும் அதை ஏற்றுக்கொண்டு படுத்தார்.

அதற்குப் பிறகு மிசாவா, கவாடா, கொபாஷி, டாவே என்ற நால்வரை வைத்து நடத்தினார். தகுதி நீக்கம், ரிங்குக்கு வெளியே நின்று எண்ணிக்கை முடிந்து தப்பித்தல் போன்ற மழுப்பல்களைப் பெரிய ஆட்டங்களிலிருந்து எடுத்துவிட்டார். ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார் என்று தெளிவாக முடியும். புடோகான் தொடர்ந்து நிரம்பியது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மழுப்பல் இல்லை என்றால் ஆட்டத்தை முடிக்க ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பலமான அடி தேவைப்படும். கழுத்தும் தலையும் தரையில் மோத விழுந்து விழுந்து அந்த நால்வரும் உடம்பைக் கரைத்தார்கள். மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், ரிங்கிலேயே கழுத்துத் தண்டுவடம் பாதித்து விழுந்தார், அன்றே மருத்துவமனையில் இறந்தார். 46 வயது. அந்த ஆட்டங்களை இன்று பார்க்கும்போது என்னால் முன்பு மாதிரி கைதட்ட முடிவதில்லை.

எல்லாம் ஒரே மனிதரின் வாக்கில் நின்றது இன்னொரு குறை. பாபா போனபின் தலைவரான மிசாவாவுக்கும் பாபாவின் மனைவி மோட்டோகோவுக்கும் ஒத்துப்போகவில்லை. 2000 ஜூனில் மிசாவாவோடு கிட்டத்தட்ட எல்லாரும் வெளியேறி நோவா என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானிய வீரர்களில் தங்கியவர்கள் கவாடா, ஃபுச்சி என்ற இருவர் மட்டுமே.

பாபாவின் கடைசி ஆட்டம் 1998 டிசம்பர் 5, புடோகான். குடல் புற்றுநோய் இருந்தது, அது வீரர்களுக்கே தெரியாது. 1999 ஜனவரி 31 அன்று 61 வயதில் இறந்தார். ஓய்வு பெறுகிறேன் என்று அவர் ஒருநாளும் அறிவித்ததில்லை. அதனால் அந்த ஆண்டு மே 2 அன்று, டோக்கியோ டோமில், இறந்தவருக்கு ஓய்வு ஆட்டம் ஒன்று நடத்தினார்கள். பழைய எதிராளிகளான சமார்டினோவும் டெஸ்ட்ராயரும் ஜீன் கினிஸ்கியும் கடல் கடந்து வந்து ரிங்கில் ஏறினார்கள். பாபா நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய அந்தப் பெரிய ஷூக்கள் மட்டும் வைக்கப்பட்டிருந்தன.