சுவரடியில் ஓர் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். இடித்துத் தள்ளப்பட்ட ஒரு விளையாட்டரங்கைப் பற்றிப் பேச வானொலியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஓக்லாந்து என்றொரு பகுதி. பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் பார்னி டிரெய்ஃபஸ் அங்கே அரங்கம் கட்டத் தொடங்கியபோது, இவ்வளவு தள்ளி யார் வருவார்கள் என்று பலரும் நகைத்தார்கள். 1909 ஜூன் 30 அன்று ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்ற அந்த அரங்கம் திறந்த முதல் நாளே முப்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டுவிட்டார்கள்.

பரந்த மைதானம். ஆழமான மூலையில் சுவர் 457 அடி தூரத்தில் இருந்தது. பந்து அவ்வளவு தூரம் வருவது அரிது என்பதால், பயிற்சிக்கான வலைக்கூண்டை ஆட்டத்தின்போதும் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்! பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பும் அடிக்கு ஹோம் ரன் என்று பெயர். புகழ்பெற்ற வீரர் பேப் ரூத் தம் கடைசி ஹோம் ரன்னை, அதாவது 714ஆவதை, 1935இல் அடித்தது இங்கேதான். கறுப்பின வீரர்களின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியும் இங்கே ஆடியிருக்கிறது.

வானொலிக்காரர்கள் மறக்கக் கூடாத தேதி 1921 ஆகஸ்ட் 5. மேஜர் லீக் எனப்படும் உயர்மட்ட பேஸ்பால் ஆட்டம் ஒன்று முதன்முதலாக வானொலியில் ஒலிபரப்பானது இந்த அரங்கிலிருந்துதான். கே.டி.கே.ஏ. நிலையத்தின் ஹெரால்ட் ஆர்லின், தொலைபேசியை மாற்றியமைத்த ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வர்ணனை செய்தார்.

அடுத்து 1960 அக்டோபர் 13. அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டம். தொடர் முழுவதையும் கூட்டினால் நியூயார்க் யாங்கீஸ் 55 ஓட்டங்கள், பைரேட்ஸ் வெறும் 27. ஆனாலும் முதல் ஆறு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று வெற்றி! கடைசி இன்னிங்ஸில் 9-9 என்று சமநிலை. பைரேட்ஸ் வீரர் பில் மசரோஸ்கி அடித்த பந்து, அண்ணாந்து பார்த்த யாங்கீஸ் வீரர் யோகி பெர்ராவின் தலைக்கு மேல் இடதுபுறச் சுவரைத் தாண்டிப் போனது. உலகத் தொடரை ஒரு ஹோம் ரன் முடித்துவைத்தது அதுவே முதல் முறை.

1970இல் அரங்கம் மூடப்பட்டது. மறு ஆண்டு இடித்தார்கள். அந்த இடத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் எழுப்பிய கட்டடத்துக்குள், நடைபாதைத் தரையில் கண்ணாடிக்கு அடியில் ஹோம் பிளேட், அதாவது பந்தடிப்பவர் நிற்கும் இடத்தைக் குறிக்கும் தட்டு, இருக்கிறது. மாணவர்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் என் மனத்தைத் தொட்டது வெளியே நடக்கும் வேறொன்று.

பழைய அரங்கத்தின் வெளிச்சுவரில் ஒரு பகுதியும் பழைய கொடிக்கம்பமும் இன்னும் நிற்கின்றன. 1985இல் ஒரு ரசிகர் தன்னந்தனியாக அங்கே உட்கார்ந்து, 1960 ஆட்டத்தின் வானொலி ஒலிப்பதிவைக் கேட்டார். பிறகு ஒருவர், இருவர் என்று சேர்ந்து அது ஆண்டு விழாவாகிவிட்டது. விளம்பர இடைவேளையைக்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் கேட்கிறார்கள். மசரோஸ்கிக்குப் பந்து எறிந்தவர் ரால்ஃப் டெர்ரி. வர்ணனையாளர் சக் தாம்சன் அந்த அவசரத்தில் ஆர்ட் டிட்மார் என்று சொல்லிவிட்டார். அந்தத் தவறும் ஆண்டுதோறும் ஒலிக்கிறது.

பிட்ஸ்பர்க் பக்கம் போகிற நேயர்கள் யாராவது இருந்தால், அக்டோபர் 13 அன்று மதியம் ஒரு மணி வாக்கில் அந்தச் சுவருக்குப் போய்ப் பாருங்கள். மசரோஸ்கியின் அடி, அன்று விழுந்த அதே நேரத்துக்கு, 3.36 மணிக்கு வரும்படிதான் ஒலிப்பதிவைத் தொடங்குவார்கள். டிக்கெட் கிடையாது.