சீர்த்தட்டில் ஒரு மூடி
(சமுதாய வளைகாப்பு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பந்தலும் மைக்கும் உபயம் செய்த அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, அங்கன்வாடி டீச்சர்மார்களே, கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கும் என் மகள்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன விழாவில் பெயர் விட்டுப்போன ஒருவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

மூன்று காய்ச்சல் பற்றிச் சொல்ல வந்தேன்: ஜிகா, சிக்குன்குனியா, டெங்கு. மூன்றையும் பரப்புவது வீட்டுத் தண்ணீரில் வளரும் ஏடிஸ் கொசு.

2015இல் பிரேசிலின் வடகிழக்கில் தலை சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. தாய்க்கு லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு; பலருக்கு அதுவும் இல்லை. ஆனால் ஜிகா கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டி, சிசுவின் மூளை உருவாக வேண்டிய இளம் செல்களையே அழித்தது. முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் ஆபத்து அதிகம். பிரேசில் எங்கே, நாம் எங்கே என்பீர்கள். 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாக ஜிகா உறுதியானது திருவனந்தபுரம் மாவட்டத்தில், அதுவும் ஒரு கர்ப்பிணிக்கு!

சிக்குன்குனியா பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பாயும். 2005-06இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் பார்த்தார்கள்: பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளை, சில நாளில் காய்ச்சல் கண்டு பால் குடிக்க மறுத்தது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை.

"தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்" என்பார்கள். கொசுப்புழு பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். துறையை விடுங்கள், டிரம்மைப் பார்த்தாலே போதும் எனக்கு.

ஒரு வீடு. மருமகள் ஐந்து மாதம். பின்கட்டில் நீல டிரம். டார்ச் அடித்தால் உள்ளே நெளிகிறது. மாமியார் குறுக்கே வந்து, "மீன்குஞ்சு தம்பி, பேரன் விளையாடட்டும்னு விட்டிருக்கேன்" என்றார்.

"எந்தக் குளத்து மீன் ஆச்சி?"

"குழாயிலயே வந்துச்சு!"

"இன்னும் நாலு நாளில் இதுக்கு றெக்கை முளைக்கும் ஆச்சி, கீழே கொட்டுங்க" என்றேன். வந்ததே கோபம்! "எட்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி விடுறாங்க. கொட்டச் சொல்லிட்டு நீ போயிடுவ. நாளைக்கு உலை வைக்க உன் வீட்டுக்கா வரட்டும்?"

நியாயம்தானே? தெருவே கூடிவிட்டது. கடைசியில் அந்த ஆச்சியே ஒரு பழைய நூல்சேலையைக் கொண்டுவந்தார். தண்ணீரை வடிகட்டி அண்டாவுக்கு மாற்றினோம். ஏடிஸ் முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் டிரம்மை நார் போட்டுத் தேய்த்தோம். தண்ணீரைத் திரும்ப ஊற்றி, அதே சேலையால் வாயை இறுக்கிக் கட்டினார். வடிகட்டிய புழுவை மட்டும் பேரனுக்குக் காட்டிவிட்டுத்தான் வெயிலில் கொட்டினார்!

தலைவர் அம்மா, குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் யார் டிரம் வைக்கப் போகிறார்கள்? அதுவரை, சீர்த்தட்டில் வளையல், மஞ்சள், குங்குமத்தோடு டிரம்முக்கு ஒரு மூடியும் வையுங்கள். மேடைக்கு மேடை கேட்கிறேன், சிரிக்கிறார்கள். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால்... சரி, உங்களுக்கே மனப்பாடம்.

அளவெடுக்க நான் வருகிறேன். அண்ணாச்சி, முதல் ஐம்பது மூடி உங்கள் உபயம் என்று அறிவிக்கலாமா? தலையாட்டிவிட்டார், கைதட்டுங்கள்!

டெங்கு பாக்கி இருக்கிறது. ஐவகைச் சாதம் ஆறுகிறதாம், டீச்சர் சைகை காட்டுகிறார். டெங்குவைப் பற்றி மருத்துவ அலுவலர் சொல்வார். நன்றி, வணக்கம்.