கடைசி சார்ஜும் ஆயாவின் தாயமும்

வணக்கம் மக்களே. அதே பழைய வண்ணாரப்பேட்டை, அதே மொட்டைமாடி. மைக்கில் உஸ்ஸென்று கேட்டால் அது கடல்காற்று, கண்டுகொள்ளாதீர்கள். முதலில் இந்த டப்பாவைப் பாருங்கள். உள்ளே இருப்பது கேரம் பவுடர். ஆனால் போன சனிக்கிழமை ராத்திரியிலிருந்து எங்கள் செட்டில் இதற்குப் பெயர் மந்திரக்கோலின் சாம்பல்.

புதிதாக வந்தவர்களுக்கு ரெண்டு வரி. நாங்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ஆட்டம். ஒருவர் டி.எம்., கதையை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். எங்கள் டி.எம். கீழ்வீட்டு அண்ணன். பொம்மை வாங்கவெல்லாம் காசு இல்லை, கேரம் போர்டுதான் போர்க்களம். சாக்பீஸில் கட்டம் போட்டு, ஒரு கட்டம் ஐந்து அடி என்று கணக்கு. கறுப்புக் காய் எல்லாம் பூதம், வெள்ளைக் காய் நாங்கள், ஸ்ட்ரைக்கர் பெரிய அரக்கன். போர்டில் பவுடர் மிச்சமிருந்தால் அரக்கன் யாரும் தொடாமலே ரெண்டு கட்டம் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். அதையும் டி.எம். கணக்கில் எடுத்துக்கொள்வார். அநியாயம்தான், ஆனால் போர்டு அவருடையது.

சரி, கோலுக்கு வருவோம். புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் குழம்புகிறார்கள். பத்துத் தங்கக் காசுக்கு ஒரு கோல் வாங்கலாம். அது மந்திரவாதியின் கையில் இருக்கும் சாமான், அவ்வளவுதான். மந்திரத்துக்கு வேண்டிய சில்லறைப் பொருள்களுக்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குள் ஒன்றும் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது மேஜிக் மிஸைல் கோல். மந்திர அம்பு விடும் கோல். அதற்குள் ஏழு சார்ஜ், அதாவது செலவழிக்கச் செலவழிக்கக் குறையும் மந்திர சக்தி, இருக்கும். மந்திரமே தெரியாத வாள்வீரன்கூட எடுத்து ஆட்டலாம். நெருப்புக்குண்டு வீசும் கோல் அப்படியில்லை, மந்திரம் தெரிந்தவர் அதோடு முன்கூட்டியே தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் ஒரு சார்ஜ் செலவழித்தால் மூன்று அம்பு பறக்கும். 120 அடி வரை போகும். ஒவ்வொன்றுக்கும் நான்கு முக டைஸ் உருட்டி ஒன்று கூட்டினால் எதிரிக்கு அவ்வளவு சேதம். குறி தப்பவே தப்பாது, படுமா படாதா என்று உருட்டும் வேலையே இல்லை. எதிரி ஷீல்டு என்ற தடுப்பு மந்திரம் வைத்திருந்தால் மட்டும் வீண். கூடுதலாக ஒரு சார்ஜ் போட்டால் அம்பும் ஒன்று கூடும்.

இங்கேதான் எங்கள் வாள்வீரன் தம்பி ஏமாந்தான். கோல் கைக்கு வந்த முதல் நாளே ஏழு சார்ஜையும் ஒரே வீச்சில் கொட்டினான். ஒன்பது அம்பு. பார்க்க தீபாவளி மாதிரி இருந்தது. ஆனால் கணக்குப் போடுங்கள். ஒன்பது அம்புக்கு சராசரியாக 31.5 சேதம். அதே ஏழு சார்ஜை ஒவ்வொன்றாகச் செலவழித்திருந்தால் 21 அம்பு, சராசரி 73.5. பாதிக்கு மேல் காற்றில் போயிற்று. என்ன, ஏழு சுற்று காத்திருக்க வேண்டும், அதற்குள் நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும். 2024-இல் வந்த புது விதியில் ஒரு வீச்சுக்கு மூன்று சார்ஜுக்கு மேல் கிடையாது என்று வைத்துவிட்டார்கள். தம்பிக்காகவே எழுதினமாதிரி இருக்கிறது.

செலவான சார்ஜ் தினமும் விடியலில் திரும்பி வரும். ஆறு முக டைஸ் உருட்டி ஒன்று கூட்டு, அவ்வளவு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தச் சலுகை இல்லை. கோலில் ஐம்பது சார்ஜ், தீர்ந்தால் வெறும் குச்சி. அந்தக் காலத்து டாப்-அப் கார்டு மாதிரி. ஒருமுறை ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற வண்டிகள் தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டன. "அண்ணே, விடிஞ்சிருச்சு, சார்ஜ் ஏத்திக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "உங்க குகைல இன்னும் நடுராத்திரிடா" என்றார்.

அப்புறம் அந்தக் கடைசி சார்ஜ். அதைச் செலவழித்தால் இருபது முக டைஸ் உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் கோல் பொடிந்து சாம்பலாகிவிடும். இருபதில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் இதையே பதினாலு தடவை செய்தால் கோல் தப்பும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதனால் நான் ஆறோடு நிறுத்திக்கொள்வேன். ஏழாவதைத் தொட்டதே இல்லை.

சனிக்கிழமை தொட்டேன். எங்கள் திருடன் பாத்திரம், அதை ஆடுவது என் அத்தைப் பையன், மயங்கிக் கீழே கிடக்கிறான். சாவுக்கான உருட்டலில் ஏற்கெனவே ஒரு தோல்வி. மூன்று ஆனால் ஆள் காலி. பக்கத்திலேயே பிணம்தின்னி நிற்கிறது. மயங்கிக் கிடப்பவனை ஐந்து அடிக்குள்ளிருந்து தாக்கி அடி பட்டுவிட்டால் ஒரே அடிக்கு ரெண்டு தோல்வி. அடுத்த முறை அதனுடையது. வாளை வீசினால் குறி தப்பலாம், வில்லில் அம்பு விட்டாலும் குறி தப்பலாம். தப்பாதது கோல் மட்டும்தான், அதில் ஒரே ஒரு சார்ஜ். எடுத்து ஆட்டினேன். மூன்று அம்பும் பாய்ந்து பிணம்தின்னி விழுந்தது. இதற்குக்கூட எடுக்கக்கூடாது என்றால் அந்தக் கோலைச் சட்டம்போட்டு மாட்டிவைக்கலாம்.

டி.எம். பேசாமல் இருபது முக டைஸை என் பக்கம் தள்ளினார்.

எங்கள் ஆயா தினமும் இதே மாடியில் காற்று வாங்க வரும். வாய் நிறைய வெற்றிலை. நாங்கள் ஆடுவது அதற்குத் தலையும் புரியாது, காலும் புரியாது, ஆனால் உருட்டுவது புரியும். தாயக்கட்டையில் ஆயாவை ஜெயிக்க இந்தத் தெருவில் ஆள் கிடையாது. நான் உருட்டினேன். டைஸ் கேரம் பவுடரில் வழுக்கி, மூலைக் குழி ஓரம் வரைக்கும் போய் நின்றது. எங்களுக்கெல்லாம் மூச்சே இல்லை. ஆயா எட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டியது.

"தாயம்டா! தாயம் விழுந்திருச்சு! காயை எறக்கு!"

தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும், கூடவே இன்னொரு உருட்டலும் உண்டு. ஆயா எனக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது. கோல் போச்சு ஆயா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டி.எம். இந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை பவுடரை என் உள்ளங்கையில் வைத்தார். அத்தைப் பையன் மட்டும் எழுந்து நின்று ஆயாவுக்குக் கும்பிடு போட்டான்.

ஒரு சின்னச் சிக்கல். அன்றைக்கு ஆயா அந்த டைஸை எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டது. தாயம் போடுகிற காயாம், ராசியாம். நாளைக்கு ஆட்டம் இருக்கிறது. இன்னும் தரவில்லை.