மண்சட்டியில் எட்டுப் பேர் குளிக்கிறார்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரைக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டின் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்று பேசுகிறேன். என் நிழல் அசைந்தாலே கொல்லையில் இருப்பவர்கள் ஊரைக் கூட்டிவிடுவார்கள் என்பதால் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.

துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உள்ள மண்சட்டியைப் பாருங்கள். அதைச் சுற்றி நிற்பவை தவிட்டுக்குருவிகள். பறவை நூல்கள் இவற்றை வெண்தலைச் சிலம்பன் என்று குறிப்பிடுகின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இப்பறவை, எங்கு போனாலும் குடும்பத்தோடுதான் போகும். எங்கள் கொல்லைக்கு வரும் கூட்டத்தில் இன்று 8 பேர். 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒருமுறை கலந்துகொண்டு, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணிப் பழகியதிலிருந்து, எதைப் பார்த்தாலும் முதலில் தலையை எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

சட்டியில் மூன்று பேருக்குத்தான் இடம் இருக்கிறது, ஆனால் ஐந்தாவது ஆளும் இறங்கப் பார்க்கிறார். குளியல் நடக்கும்போது ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் ஏறிக் காவலுக்கு நிற்பதைக் கவனியுங்கள். பூனையோ வல்லூறோ கண்ணில் பட்டால் அது கத்தும் கத்தலில் சட்டி நொடியில் காலியாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி குளியலுக்குப் பிறகுதான் வருகிறது. நனைந்த உடம்போடு கொடிக்கயிற்றில் ஒன்றை ஒன்று நெருக்கி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் கழுத்து இறகை அலகால் கோதிவிடுகின்றன. ஓரத்தில் இருக்கும் குருவியின் ஒரு பக்கத்தைக் கோத ஆள் இல்லை அல்லவா? அது எழுந்து, மற்றவர்களின் முதுகை மிதித்துக்கொண்டு போய், நடுவில் தன்னைத் திணித்துக்கொள்கிறது. உடனே வரிசை நகர்ந்து, இன்னொருவர் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார். அவரும் அதே வேலையைச் செய்கிறார். கயிறு முடியும் வரை இந்த ஊர்வலம் நடக்கிறது.

இவ்வளவு காவல் காக்கும் கூட்டத்தையும், அதன் கூட்டிலேயே தன் முட்டையை இட்டு, சுடலைக்குயில் ஏமாற்றிவிடுகிறது. தவிட்டுக்குருவியின் முட்டை நீலம், சுடலைக்குயிலின் முட்டையும் நீலம். போன ஆண்டு மழைக்குப் பிறகு, வளர்ப்புத் தாயைவிடப் பெரிதாகிவிட்ட குயில் குஞ்சு ஒன்று வேப்பமரத்தில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்க, மூன்று பேர் முறை வைத்துப் புழு கொண்டுவந்து ஊட்டினார்கள். சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

காகத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்கிறேன். அமாவாசைச் சோற்றை ஐந்து நிமிடம் ஆராய்ந்த பிறகே தொடும் அந்தப் பெரிய மனிதர், என் அம்மா போட்ட காய்ந்த முறுக்கை மட்டும் யோசிக்காமல் தூக்கிவந்து, இதே சட்டித் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றார். தவிட்டுக்குருவிகளின் குளியல் நீரில் இப்போது எள் மிதக்கிறது.

கடைசியாக, வாசலில் கேட்கும் அந்த "டிக் டிக்" ஒலி. கட்டைவிரல் அளவே இருக்கும் ஆண் தேன்சிட்டு ஒன்று, என் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எல்லைக்குள் புகுந்த வேறோர் ஆண் என்று எண்ணி, பத்து நாள்களாகக் காலை 7 மணிக்கு வந்து அலகால் கொத்துகிறது. நடுநடுவே கண்ணாடிக்குப் பின்னால் போய் எதிரி ஒளிந்திருக்கிறானா என்றும் பார்க்கிறது. அது சோர்ந்து போவதைக் காணப் பொறுக்காமல் வலப்பக்கக் கண்ணாடிக்குப் பழைய காலுறையை மாட்டினேன், அது இடப்பக்கத்துக்கு மாறியது. இரண்டையும் மூடினேன். இப்போது எதிர்வீட்டுக் காரிலிருந்து அதே ஒலி வருவதால், காணொளியை இங்கே நிறுத்திவிட்டு அவர்களுக்கு ஒரு ஜோடி காலுறை கொடுக்கப் போகிறேன்.