வராத பெண்ணைத் தேடிச் செல்லும் பரிசோதனை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் நமக்குத் தரும் கால அவகாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ள ஒரு பெண்ணின் உடலில், பாலுறவின் வழியே தொற்றும் எச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரஸ் நீங்காமல் தங்கி, கருப்பை வாயின் திசுக்களை மெல்ல மாற்றி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு நிதானமாக வரும் நோய்க்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,50,000 பெண்களைப் பறிகொடுத்திருக்கிறோம் என்பதை, எத்தனை முறை படித்தாலும், என் மனம் ஏற்க மறுக்கிறது.

கண்டறியும் வழி தெரியாததால் நேர்ந்த இழப்பு என்று இதைச் சொல்வதற்கில்லை. உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே நோயை அறியலாம் என்று பாபனிகோலா, டிராட் என்ற இரு மருத்துவர்கள் 1941இலேயே எழுதிவிட்டார்கள். பாபனிகோலாவின் பெயரால் பாப் பரிசோதனை எனப்படும் அந்தச் செல் சோதனை இங்கிலாந்தில் 1960களிலிருந்தே நடந்து வந்தது. ஆயினும் 1988இல் உரிய வயதுப் பெண்களில் 42 விழுக்காட்டினரே அதன் வளையத்துக்குள் இருந்தனர். அந்த ஆண்டு முதல், பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெண்ணுக்கும் அழைப்புக் கடிதம் அனுப்பி, தவணை வந்ததும் மீண்டும் அழைக்கும் முறை நாடு முழுவதும் வந்தது. 1994இல் அந்த அளவு 85 விழுக்காட்டை எட்டியது. பரிசோதனை அதேதான், பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்ததுதான் புதிது. அதே நாட்டில் அண்மை ஆண்டுகளில் இந்த அளவு 70 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருப்பது, அழைப்பு மட்டும் போதாத காலம் வந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983இல் இப்புற்றில் எச்.பி.வி.யின் 16ஆம் வகையைக் கண்டறிந்த பின், செல்லின் மாற்றத்துக்குக் காத்திராமல் வைரஸையே தேடலாம் என்ற வழி பிறந்தது. மகாராஷ்டிரத்தின் ஒஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2009இல் முடிவு வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. பரிசோதனை இந்நோயால் நேரும் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் இதற்கு மாறியபோது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த இடைவெளியை ஐந்து ஆண்டாக நீட்டிக்க முடிந்தது.

இந்த மாற்றத்தின் பெரும்பயன் வேறோர் இடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். வைரஸைத் தேடுவதற்கான மாதிரியை ஒரு பெண் தானே, தனி அறையில், பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால் அதன் துல்லியம் மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு ஏறத்தாழ இணையாக இருக்கிறது. கூச்சத்தாலும் அச்சத்தாலும், முன்பு பரிசோதனை மேசையில் பட்ட வலியின் நினைவாலும் வராமலிருந்த பெண்களிடம் முதன்முறையாக நம்மால் போய்ச் சேர முடிகிறது.

அவர்களிடம் முடிவைச் சொல்லும் மொழியும் மாற வேண்டும். வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால் புற்று வந்துவிட்டதென்று பொருளில்லை. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைகின்றன. பல ஆண்டுகள் அமைதியாகத் தங்கக்கூடிய தொற்று என்பதால், எப்போது, யாரிடமிருந்து வந்ததென்று கூறவும் இயலாது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், ஒரு மருத்துவ அறிக்கை குடும்பத்துக்குள் குற்றப்பத்திரிகையாகிவிடும்.

2030க்குள் 70 விழுக்காட்டுப் பெண்களை 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் சோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பது அதனுடன் சேர்ந்த இலக்கு. பேச்சுகளில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே. புற்றாவதற்கு முந்தைய திசு மாற்றங்கள் பலவற்றை வெப்பத்தால் அழிக்கச் சில நிமிடங்கள் போதும், மருத்துவமனையில் தங்கவும் வேண்டியதில்லை. ஆனால் முடிவுக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு இன்னொரு நாள் என்று அலையவிட்டால், ஒவ்வொரு வருகைக்கும் இடையில் சிலர் விடுபட்டுப் போகிறார்கள். ஆகவே, ஒரு திட்டத்தின் பதிவேட்டை என் கையில் கொடுத்தால், சோதிக்கப்பட்டவர் எத்தனை பேர் என்ற பத்தியைத் தாண்டி, சிகிச்சை முடிந்தவர் எத்தனை பேர் என்ற பத்திக்கே முதலில் போவேன்.