துணியைக் கீழே வையுங்கள்

வணக்கம் நேயர்களே.

பழைய கொட்டகையில் தார்ப்பாயை விலக்குகிறீர்கள். குதிரை பூட்டாத வண்டி மாதிரி ஒன்று நிற்கிறது: பழைய நீராவிக் கார். ஒல்லியான கம்பிச் சக்கரங்கள். ஸ்டியரிங் சக்கரம் இல்லை, திருப்புவதற்கு வளைந்த தடி ஒன்றுதான். இருக்கைக்கு அடியில் முரசு போலக் கொதிகலன். பெயர்ப் பட்டயம் இல்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே "லோகோமொபைல்!" என்பார். அப்புறம் மண்ணெண்ணெயும் துணியும் தேடுவார். இரண்டுமே அவசரப்புத்தி.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸில், ஸ்டான்லி என்ற இரட்டையர் 1897-ல் தங்கள் முதல் நீராவிக் காரைச் செய்தார்கள். 1899-ல் அந்தத் தொழிலை இருவர் கூட்டாக வாங்கினார்கள். வாங்கிய சூட்டோடு பிரிந்தும் போனார்கள். ஒருவர் லோகோமொபைல் என்றார், மற்றவர் மொபைல் என்றார். இரண்டு காருக்கும் ஒரே முகம். இதே பாணியில் வேறு பட்டறைகளும் இறங்கின. போதாததற்கு, மேசன் என்ற நிறுவனம் எஞ்சின்களை மட்டும் செய்து கொடுத்தது. எஞ்சினில் மேசன் என்று இருந்தால் அது காரின் பெயர் அல்ல.

சரி, எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது கொதிகலனைத்தான். உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய செம்புக் குழாய்கள் செங்குத்தாக நின்று, வெளி ஓட்டைச் சுற்றிப் பியானோ கம்பியை நெருக்கமாக இறுக்கியிருந்தால் ஸ்டான்லி வம்சம். நெருப்பு குழாய்க்குள் போகும், தண்ணீர் வெளியே நிற்கும். சுருள் குழாய் இருந்தால் வேறு ஜாதி: கிளீவ்லாந்தின் வொயிட் நிறுவனக் கார்கள் போன்றவை. அதில் தண்ணீர் குழாய்க்குள் போகும், நெருப்பு வெளியே. அடுத்தது எஞ்சின். நின்ற நிலையில், சங்கிலி வழியாகப் பின் அச்சைச் சுற்றுகிறதா? படுத்த நிலையில், பல்சக்கரத்தால் நேராக அச்சோடு இணைந்திருக்கிறதா? ஸ்டான்லி சகோதரர்கள் மறுபடி களத்தில் இறங்கிய பிறகு பிடித்த வழி இரண்டாவது.

எனக்கு வந்த ஒரு வண்டியில் முந்தைய உரிமையாளர் பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். எஞ்சின் சட்டத்தில் வரிசை எண் பொறித்த இடம் கண்ணாடி போல வழுவழு. தாளை வைத்துப் பென்சிலால் உரசினேன். 7 மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். வயிறு எரிந்தது. அழுக்கிருந்த காலத்தில் அந்த எண் பத்திரமாக இருந்திருக்கும்.

தேதியிலும் ஒரு சபலம் உண்டு. லண்டன்–பிரைட்டன் பழங்கார் ஓட்டத்துக்கு 1905-க்கு முன் செய்த வண்டி வேண்டும். ஒரு வருடம் பிந்திப் பிறந்த காரை முன்னே தள்ளச் சிலருக்குக் கை அரிக்கும். வண்டியின் வயதுக்குப் பழைய பெயிண்ட் அடுக்குகளும் சாட்சி. அதனால்தான் பெயிண்டைச் சுரண்டி எறியாதீர்கள் என்கிறேன். மறைவான மூலையில் விரல் நகம் அளவுக்கு மட்டும் அடுக்கடுக்காகத் திறந்து, படம் எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கொதிகலனைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு போல எதாவது இருந்தால் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கையால் பிய்க்காதீர்கள், தெரிந்தவரை அழையுங்கள். ஓட்டிப் பார்க்கும் ஆசையில் பர்னரையும் பற்றவைக்காதீர்கள். முதலில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருக்கும்போது ஓட்டை விழுந்தால் ஒழுகும், நீராவி இருக்கும்போது விழுந்தால் வெடிக்கலாம். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் புதுக் கொதிகலன் செய்து மாட்டுங்கள், பழையதை அடையாளச் சீட்டு கட்டித் தனியே வையுங்கள்.

அந்த வண்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? இருக்கைப் பலகையைக் கழற்றித் திருப்பினோம். அடியில் தச்சர் பென்சிலால் எழுதிய மூன்று இலக்கங்கள் இருந்தன. கடைசி இலக்கம் 7.